'நாம' என்னும் நாற்றம்

அந்தக் குடும்பத்துக்குக் குமட்டல் என்றால் என்னவென்று தெரியாது. பெருமைக்காகச் சொல்வதில்லை, பழகிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கும் அவர்கள் நடத்தும் மீன் கழிவு ஆலைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ஊர் தின்று கழித்த மீனின் தலை, குடல், செவுள், செதில் எல்லாம் லாரியில் வந்து தொட்டியில் இறங்கும். தொட்டியிலிருந்து கொப்பரைக்குப் போய் வெந்து, பிழிபட்டு, காய்ந்து, அரைபட்டு, சாக்கில் ஏறி உரமாகக் கிளம்பும். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, மகள் மூவரும் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாற்றத்தைப் பற்றி ஊரில் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் குறைத்துத்தான் சொல்கிறார்கள். ஒரு பூனை மீனாசையில் ஆலைக்குள் போனது. வெளியே வந்த பிறகு, ஆயுள் முழுக்க ரொட்டித் துண்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஒரு திருடன் பின்கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தான். நுழைந்த இடத்திலேயே மயங்கி விழுந்தவனை அம்மாதான் தண்ணீர் தெளித்து எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன், போகும்போது உடைத்த கதவைத் தானே சரிசெய்து, நாற்றம் வெளியே வராமலிருக்க வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் அடித்துவிட்டுப் போனான்.

அப்பா வாழ்நாளில் வரிசையில் நின்றதில்லை. அவர் வந்து சேர்ந்தால் வரிசை கரைந்துவிடும். முடிவெட்டுபவர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் கத்தரியை எடுப்பார். டீக்கடைக்காரர் அவருக்கென்றே ஒரு பழைய படகுத் துடுப்பு வாங்கி வைத்திருந்தார். "நீங்க அங்கயே இருங்க, நான் நீட்டறேன்" என்று சொல்லி, துடுப்பின் அகலமான முனையில் டீ கிளாசை வைத்து நீட்டுவார். அப்பா எடுத்துக் குடித்துவிட்டு, கிளாசைத் திரும்பவும் துடுப்பிலேயே வைப்பார். கோபித்துக்கொண்டதே கிடையாது. "பாவம், அவருக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கில்ல" என்பார்.

மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆள் சிறிசு, கடிபட்டால்தான் காரம் தெரியும். உரச் சாக்குகளின் மேல் கால் நீட்டி உட்கார்ந்தே பள்ளிப் படிப்பை முடித்தவள். அவளுடைய விடைத்தாளை யார் திருத்துவது என்று ஆசிரியர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்; தோற்றவர் திருத்தினார். அப்படியும் நல்ல மார்க்.

ஆலையின் தூள் முழுவதையும் வாங்குபவர் ஒரே ஒரு தரகர். அவர் ஃபோனில் விலை சொல்லும்போது கூடவே சரக் சரக் என்று ஒரு சத்தம் வரும். தலை வாரிக்கொண்டே சொல்வார். கடலில் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டிய வருஷமும் அதே விலை. வலை காலியாக வந்த வருஷமும் அதே விலை. மிளகு சின்னப் பெண்ணாக இருந்தபோது, "அவருக்கு யாருப்பா விலை சொல்றது?" என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்து, "சீப்பு" என்றார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். படிக்கப் போவது, திரும்பி வருவது, அந்தச் சீப்பைப் பிடுங்குவது.

எங்கே போய்ப் படிப்பது என்பதில்தான் சிக்கல். இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று வணிக நிர்வாகத்துக்கு. மேட்டின் மேல் முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. மற்றது பொருளாதாரத்துக்கு, வாய்க்கால் ஓரம் காரை உதிர்ந்து நிற்பது. வீட்டில் 'கண்ணாடி' என்றும் 'காரை' என்றும் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் மற்றது கைநழுவிப் போகும்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் கண்ணாடியைப் பார்க்கக் கிளம்பினார்கள். கொப்பரைக்கு லீவு கிடையாது என்பதால் அம்மா வரவில்லை. இருவரும் சோப்பு தேயும்வரை குளித்தார்கள். தேய்ந்தது சோப்புதான், நாற்றம் அல்ல. பஸ்ஸில் ஏறினார்கள், அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட, வசதியாகக் கால் நீட்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே மூலைக்கு மூலை ஒரு மெஷின் உஸ் உஸ்ஸென்று ஏதோ பூவின் வாசனையைத் துப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பூ உலகத்தில் எங்கும் பூக்கவில்லை என்பது அந்த வாசனையிலேயே தெரிந்தது. சுவரெங்கும் இளைஞர்கள் வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் படங்கள். வானத்தில் அப்படி என்ன வேடிக்கை என்று மிளகு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு விளக்கு மட்டும் இருந்தது.

சேர்க்கை ஆலோசகர் என்ற மனிதர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய சிரிப்பு வாய்வரைக்கும் வந்து, கண்ணுக்குள் போக அனுமதி கிடைக்காமல் அங்கேயே நின்றது. வந்த வேகத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதிர்ந்துபோய்க் கையைப் பார்த்தார். வெளியாள் யாரும் அதைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஆலோசகர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "ஆகா. என்ன ஒரு உண்மையான வாசனை" என்றார்.

மிளகுக்கு அங்கேயே ஏதோ நெருடியது. நாற்றத்துக்கு நடுவே வளர்ந்தவளுக்கு நாற்றம் நாற்றம்தான் என்று தெரியும். அதை வாசனை என்று ஒரு மனுஷன் சொன்னால், ஒன்று அவனுக்கு மூக்கில்லை, இல்லை நாக்கு சரியில்லை. அவருடைய மூக்கை உற்றுப் பார்த்தாள். உள்ளே ஓரமாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. வயதாகிறது, மூக்கு மயிர் நரைத்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"அப்புறம், நாம எப்படி இருக்கோம்?" என்றார் ஆலோசகர்.

அப்பா பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. "நல்லா இருக்கோங்க" என்றார், கூச்சத்தோடு.

"நாம எவ்வளவு மார்க் வாங்கியிருக்கோம்?"

"நான் வாங்கினதுதான் எனக்குத் தெரியும் சார்" என்றாள் மிளகு. "நீங்க எவ்வளவு வாங்கினீங்கன்னு தெரியாது."

ஆலோசகர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "நம்ம பொண்ணுக்கு என்ன துடுக்கு பாருங்கப்பா." அப்பாவை அப்பா என்று கூப்பிட்டவருக்கு அப்பாவைவிட நாலு வயது கூடுதலாக இருக்கும்.

பிறகு ஊர்வலம் தொடங்கியது. இது நம்ம கனவுக் கூடம், இது நம்ம சிந்தனைப் படிக்கட்டு, இங்கேதான் நாம தோல்வியைக் கொண்டாடுவோம். தோல்வியைக் கொண்டாடும் அறையில் குழந்தைகள் உட்காரும் பெரிய பந்துகள் கிடந்தன. ஒரு பந்தின் மேல் மாணவன் ஒருவன் உட்கார்ந்து, பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்தின் வடிவத்திலேயே செய்த சாக்லேட்டை ஒரு தட்டில் கொடுத்தார்கள். மிளகு கோபுரத்தை மட்டும் கடித்தாள். மெழுகுவத்தியைக் கடித்தது போலிருந்தது, மரியாதைக்காக விழுங்கினாள்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். கேட்டாள். "சார், எங்க தூளை வாங்கறவர் ஒரே ஒருத்தர். மீன் நிறைய வந்தாலும் வராட்டாலும் அதே விலைதான் சொல்றார். அது ஏன்னு இங்க சொல்லித் தருவீங்களா?"

"சூப்பர் கேள்வி" என்றார் ஆலோசகர். "ஆனா நாம விலையைப் பத்தி யோசிக்கவே கூடாது. நாம தூளையா விக்கறோம்? நாம கதையை விக்கறோம். நம்ம வேர்வை, நம்ம கடல், நம்ம அப்பா." அப்பாவின் தோளில் கை போட்டார். "இங்க நாம வெறும் பல்கலைக்கழகம் இல்ல. நாம ஒரு குடும்பம்."

அப்பாவின் கண் கலங்கியது. மிளகுக்கு வேறொன்று நடந்தது. வயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே, இதுவரை காலியாகக் கிடந்த இடத்தில், வழுவழுப்பான ஒன்று புரண்டு படுத்தது. வாயில் எச்சில் ஊறியது. கன்னம் குளிர்ந்தது.

"நாம கொஞ்சம் டல்லா இருக்கோமே" என்றார் ஆலோசகர். அது மறுபடி புரண்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, இங்க ஒண்ணு கிடந்து உருளுதும்மா. எதையோ வெளிய தள்ளணும் போல இருக்கு. ஆனா என்னன்னு தெரியல."

அம்மா பயந்துபோனார். தொட்டியின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து குழந்தைக்குப் பாலூட்டிய மனுஷி. இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "குடலிறக்கமா இருக்குமோ" என்றார். அப்பா, மாரடைப்பு என்றார். இருவருமாக அவளை அழைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்கள். மருந்துக்கடைக்காரர் கவுண்டருக்கு உள்ளே எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று கேட்டார். கேட்டுவிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு குமட்டல்" என்றார்.

"அது எதனால வரும்?" என்று அம்மா கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னங்க இப்படிக் கேக்கறீங்க? இப்ப எனக்கு வருதே, அதேதான்."

மாத்திரை வாங்கி வந்தார்கள். மாத்திரை வயிற்றில் நின்றது, குமட்டல் நிற்கவில்லை. ஏனென்றால் ஆலோசகர் அன்றைக்கே ஃபோன் செய்தார். "நாம சாப்பிட்டோமா?" என்றார். மிளகு ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். பின்பக்கம் தொட்டி. அங்கே போய் மீன் குடல் மேல் குனிந்து நாலு முறை மூச்சை இழுத்து விட்ட பிறகுதான் அவளுக்குத் தெளிந்தது.

அம்மா கொப்பரையைக் கிளறிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அந்த ஆள் 'நாம'ன்னு சொல்றப்பதான் இவளுக்கு வருது" என்றார்.

"மரியாதையாப் பேசினா வாந்தி வருமா?" என்றார் அப்பா. "என்ன வியாதிடி இது?"

மறுநாள் காரையைப் பார்க்கப் போனார்கள். அதன் முகப்பில் புறாக்கள் தலைமுறை தலைமுறையாக எச்சமிட்டு, கட்டடத்துக்கு ஒரு தாடி முளைத்திருந்தது. நடைவழியில் வாளிகள் வைத்திருந்தார்கள். கூரை தனக்கு வேண்டிய வாளியைத் தேர்ந்தெடுத்து ஒழுகிக்கொண்டிருந்தது. கழிப்பறைக் கதவைக் கயிற்றால் கட்டி, உள்ளே போகிறவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார ஏற்பாடு. கான்டீனில் டீ வாங்கினார்கள். டீயில் படர்ந்த ஆடைக்கு மேல் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது. அதைச் சுற்றி இன்னும் சாகாத எறும்புகள் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தன. மிளகு விரலால் ஒதுக்கிவிட்டு நிம்மதியாகக் குடித்தாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

பொருளாதாரத் துறை ஆசிரியை ஒருவர் விடைத்தாள் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இவர்கள் வாசலை எட்டும் முன்பே அவருடைய குரல் வந்தது. "யாருங்க அது? என்ன நாத்தம் இது?"

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "அங்கயே நிக்கறோங்க" என்றார், பழக்கத்தில்.

ஆசிரியை கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ரொம்ப நாறுதுங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

"மீன் கழிவு ஆலைங்க. பொண்ணுக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு."

"அப்படியா. அப்ப நாறத்தானே செய்யும். உள்ள வாங்க, உக்காருங்க." எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அது பாதி திறந்து, பாதி கையோடு வந்தது. வந்ததைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் நாற்காலியை இவர்களுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை மட்டும் எடுக்கவில்லை. அடுத்து அவர் பேசியதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலவே கேட்டது.

மிளகு சீப்புக் கதையைச் சொன்னாள். ஆசிரியை நடுவில் ஒருமுறை நிறுத்தி, பக்கத்து ஆலைகள் யாருக்கு விற்கின்றன என்று கேட்டார். அவர்களும் அதே தரகருக்குத்தான் என்றாள் மிளகு.

"விக்கறவங்க பல பேர், வாங்கறவர் ஒருத்தர். அதுக்கு எங்ககிட்ட ஒரு பேர் இருக்கு" என்றார் ஆசிரியை. "ஆனா பேரைத் தெரிஞ்சுக்கிட்டா விலை ஏறிடாது. எங்க புத்தகத்துல அதைப் பத்தி ரெண்டு பக்கம்தான். மீன் தூளைப் பத்தி ஒரு வரி கிடையாது. நாங்க யாரும் அதைப் போய்ப் பாத்ததில்ல."

"அப்ப என்ன சொல்லித் தருவீங்க?"

"கணக்கு. நிறைய. முதல் வருஷம் பாதிப் பேர் அழுவாங்க. நாங்க கண்ணைத் துடைக்க மாட்டோம், கணக்கைத் திரும்பப் போட வைப்போம். மூணு வருஷம் கழிச்சு உங்க தரகர் எங்க ஏமாத்தறார், எங்க ஏமாத்தாம இருக்கார்னு நீயே கண்டுபிடிக்கலாம். ஏமாத்தலைன்னும் தெரிய வரலாம். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

பேச்சு முழுவதும் 'நாங்க'தான். ஒருமுறைகூட கதவைத் திறந்து இவர்களை அந்த வார்த்தைக்குள் கூப்பிடவில்லை. மிளகின் வயிறு வெயிலில் படுத்த நாய் போல அசையாமல் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில், காலி இருக்கைகளுக்கு நடுவே, அப்பா, "மூஞ்சிக்கு நேரா நாறுதுன்னு சொல்லிட்டாங்களே" என்றார்.

"நாறுதுல்லப்பா?"

"நாறுது. அதுக்கு?"

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு முற்றியது. கண்ணாடிதான் என்றார் அப்பா. காரை என்றாள் மிளகு. ஒழுகுற கூரைக்குக் கீழே உட்கார்ந்து படிப்பதற்கு என் கூரையே போதும் என்றார் அப்பா. பந்து மேல் உட்கார்ந்து சிரிப்பதற்கு நான் சர்க்கஸில் சேரலாம் என்றாள் மிளகு. அம்மா முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியாது கண்ணு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா, நீங்க அங்கயே இருங்க, நீங்க அப்புறமா வாங்க, நீங்க காசை அந்தப் பலகை மேல வையுங்க. எல்லாம் 'நீங்க'. மரியாதைதான், இல்லேன்னு சொல்லல. இத்தனை வயசுக்கு அப்புறம் ஒருத்தன் ஓடி வந்து கையைப் பிடிச்சு 'நாம'ங்கறான். உனக்குக் கொமட்டுது." சிரிக்க முயன்றார். வரவில்லை.

மிளகு எழுந்து போய், பின்பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து கழுவினாள்.

"எதுக்குடி அது?" என்றார் அம்மா.

"கண்ணாடிக்கு எடுத்துட்டுப் போக. வகுப்புல பக்கத்துல வெச்சுக்கறேன். மூணு வருஷம்தானே."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முட்டையைப் பார்த்தார். மறுநாள் காலை, ஆலோசகர் ஃபோன் செய்தபோது, அப்பா கண்ணாடிக்குச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தார். அதற்குள் அவரே, "நாம இன்னிக்கு நம்ம ஆலைக்கு வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வந்தது அவரும் ஒரு கேமராக்காரரும். கேமராக்காரர் முகத்தில் துணியைச் சுற்றியிருந்தார். பார்ப்பதற்குக் கொள்ளைக்கு வந்தவர் போலிருந்தார். ஆலோசகர் முகத்தில் ஒரு மறைப்பும் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வாயோடு நின்ற அதே சிரிப்பு. விளம்பரப் படம் எடுக்கப் போகிறார்களாம். 'நம்ம வேர்கள்' என்று தலைப்பு. நடுவில் அப்பா நின்று, கை நிறைய மீன் தலைகளை அள்ளி வானத்தை நோக்கிக் காட்ட வேண்டும். பின்னால் மிளகு புத்தகத்தோடு நிற்க வேண்டும், மெதுவாகச் சிரிக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் அழுக்கா இருந்தா நல்லா இருக்கும்" என்றார் கேமராக்காரர், துணிக்குள்ளிருந்து.

"அப்பா, நாம முகத்துல கொஞ்சம் பூசிக்கலாமா?" என்றார் ஆலோசகர். அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தொட்டியில் விரலை விட்டுக் கன்னத்தில் கோடு இழுத்துக்கொண்டார். மிளகு வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குமட்டல் இந்த முறை தொண்டையைத் தாண்டிக் கண்வரை வந்தது.

"இந்த வாசனைக்கு நாம பெருமைப்படணும்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஆலோசகர் பின்னால் நகர்ந்தார். "நாம யாருன்னா." இன்னொரு அடி. "நாம எங்கேர்ந்து வந்தோம்னா."

எங்கிருந்து வந்தார் என்பது தெரியவில்லை. எங்கே போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தொட்டியில் அன்றைய லாரி கொட்டியது விளிம்புவரை நிறைந்திருந்தது. சளக் என்று ஒரு சத்தம். வெள்ளைச் செருப்பு ஒன்று மேலே மிதந்தது. பிறகு அவர் மிதந்தார். தலையில் குடல், காதில் செவுள், சட்டைப் பையில் ஒரு முழு மீன் தலை, வாயைத் திறந்துகொண்டு.

அவருடைய முகம் முதல்முறையாக மாறியது. வாய் வரை மட்டும் வந்துகொண்டிருந்த உணர்ச்சி, அன்றைக்குக் கண்ணையும் தாண்டி நெற்றிவரை ஏறியது.

"சீ" என்றார். "தூ. என்ன எழவுடா இது. நீங்க எல்லாம் மனுஷங்களா? இதுலயா நீங்க சாப்பிடறீங்க, தூங்கறீங்க? உங்க தொட்டி, உங்க நாத்தம், உங்க பொண்ணு. நீங்க எல்லாம்." மீதியைச் சொல்ல விடாமல் உள்ளேயிருந்து அவர் தின்றிருந்த சாக்லேட் கோபுரம் எல்லாம் வந்தது.

மிளகு கூர்ந்து கேட்டாள். எல்லாம் 'நீங்க'. 'நாம' ஒன்றுகூட இல்லை. தொட்டியில் விழுந்த வேகத்தில் அது அவர் வாயிலிருந்து நழுவி அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு துப்பியும் அது வெளியே வரவில்லை. அவளுடைய வயிறு சட்டென்று அடங்கியது. வாளியைக் கீழே வைத்தாள்.

அப்பா கொப்பரை கிளறும் நீளத் துடுப்பை எடுத்தார். விளிம்பிலிருந்து தள்ளி நின்று, "நீங்க அங்கயே இருங்க" என்றார், மரியாதையாக. "நான் நீட்டறேன்."

இழுத்துப் போட்டு, குழாயைத் திருப்பிக் குளிப்பாட்டினார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். ஆலோசகர் வாங்கவில்லை, கேமராக்காரர் முகத்துணிக்குள் கிளாசைக் கொண்டுபோய்க் குடித்தார். வண்டி கிளம்பிப் போன பிறகு, அப்பா தொட்டி விளிம்பில் குனிந்து எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு சின்னப் பஞ்சு உருண்டைகள். மூக்குத் துவாரத்தின் அளவுக்கு, கச்சிதமாக உருட்டியது.

மிளகுக்குத் திங்கட்கிழமை பார்த்த வெள்ளை ஞாபகம் வந்தது. "அன்னிக்கும் வெச்சிருந்தாருப்பா" என்றாள். "நரைன்னு நினைச்சேன்."

அப்பா ஒரு உருண்டையை எடுத்துத் தன் மூக்குத் துவாரத்தோடு ஒட்டி அளவு பார்த்தார். கன்னத்தில் இழுத்த கோடு காய்ந்து வெடித்திருந்தது. "அந்த டீச்சரம்மா மூக்கை வெளியப் பொத்தினாங்க" என்றார். "இவன் உள்ளப் பொத்தியிருக்கான்." பஞ்சைத் தொட்டியிலேயே போட்டார். "நீ வெளியப் பொத்தறவங்ககிட்டயே போ கண்ணு."

"நாம நாமன்னு சொல்றப்பவே எனக்குத் தோணுச்சு" என்றார் அம்மா. "கடைசியில ஒரு 'ம்' மட்டும்தான் பாக்கின்னு. போட வந்தது அதைத்தானே, பட்டையா."

அப்பா சிரித்தார். இந்த முறை வந்தது.

வெள்ளிக்கிழமை மிளகு காரைக்கு ஃபோன் செய்து சரி என்றாள். எடுத்தவர் யாரென்று தெரியவில்லை, "சரி, வாங்க. மூணாவது வாளிக்குப் பக்கத்துல உக்காராதீங்க, அது நிறைஞ்சிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். வாளிதான் கையிருப்பில் இருந்தது, அதையும் எடுத்துவைத்தாள்.

தொட்டியில் விழுந்த அந்த 'நாம' என்ன ஆனது என்று சிலர் இன்னமும் கேட்பதுண்டு. எங்கே போகும்? வெந்து, பிழிபட்டு, காய்ந்து, அரைபட்டு, அந்த வாரச் சாக்குகளில் ஏறிப் போனது. அந்தத் தூளைப் போட்ட தோட்டத்தில் அந்த வருஷம் முட்டைக்கோஸ் எல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வளர்ந்தன. அறுக்கக் குனிந்த தோட்டக்காரரின் தோளில் ஒன்று இலையைப் போட்டதாம். அவருக்குக் குமட்டிக்கொண்டு வர, தரகரிடம் போய்ப் புகார் சொன்னார். தரகர் ஆலைக்கு ஃபோன் போட்டு விலையைக் குறைத்தார்.

அப்பா கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார். மிளகு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"சீப்பு சத்தம் கேட்டுச்சா?" என்றாள், நிமிராமல்.

"கேட்டுச்சு."

"வாரட்டும். நல்லா வாரட்டும்" என்றாள் மிளகு. "மூணு வருஷம்தானே."